பிலோமினாவின் சனிக்கிழமைக் கணக்கு

சக ஆசிரியர் நாகராஜு போனில் அழைத்துப் பேசுகிறவர் அல்லர். எதுவானாலும் குரலில் பதிந்து அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது. எடுத்தேன். கன்னடத்தில், "மேடம் ஹோக்பிட்ரு" என்றார். மேடம் போய்விட்டார். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. மைசூர்ப் பள்ளிகளில் எத்தனையோ மேடம்கள் இருக்கிறோம். கணித ஆசிரியர்கள் கூடுகிற எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் மேடம் என்றால் பிலோமினா ஒருத்திதான்.

என்.ஆர். மொஹல்லாவில் அவள் வீட்டு வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, ஆட்டோவிலிருந்து வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் அந்தோணி அண்ணன் கேட்டருகே நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "வா சரசு. உள்ள இருக்கா" என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் சொல்கிற அதே வார்த்தைகள்தான். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்காலிகளை எங்கே போடுவது என்று ஆட்டோக்காரரிடம் பேசப் போய்விட்டார்.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான் கன்னடத்தில் பேசினேன். பேச வேண்டியதைப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்கும் பிலோமினாவுக்கும் இடையில் ஓடியது தமிழ். அவளுடையது மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கொத்தனார் வீட்டுத் தமிழ்; என்னுடையது கொள்ளேகால் தமிழ். இரண்டிலும் பாதிக்குப் பாதி கன்னடம் கலந்திருக்கும். அந்தப் பேச்சில் கேட்டவற்றைத் தமிழில்தான் எழுத முடியும் என்று தோன்றியது. ஒரு நினைவஞ்சலியில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளைத் தெரிந்தவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும்.

அவளை முதலில் பார்த்தது கணித ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. பயிற்சி முகாம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் ஒருவர் திரையில் இருப்பதை வாசிப்பார். பின்னால் பாதிப் பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். அன்று பாடம் பின்னங்களின் வகுத்தல். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் வாசித்தார். நடுவரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். அது விதி என்றார் அவர். பிள்ளைகள் காரணம் கேட்டால் என்ன சொல்வது என்றாள். பிள்ளைகள் அதையெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மதியம் சாப்பாட்டில் ஒப்பட்டு, அதாவது போளி, போட்டார்கள். நான் கூட்டத்தைப் பார்த்து எனக்குள் தமிழில் ஏதோ முனகியிருக்கிறேன். அது காதில் விழுந்ததும் அவள் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் இருவர் தட்டிலும் ஆளுக்கொரு ஒப்பட்டு. "தலைக்கு மூணுல ரெண்டு பங்குன்னு கொடுத்தா இந்த ரெண்டு ஒப்பட்டு எத்தனை பேருக்கு வரும்?" என்று கேட்டாள். நான் மனதுக்குள் தலைகீழாக்கிப் பெருக்கி மூன்று என்றேன். எப்படி என்றாள். அவள் ஒப்பட்டுகளை மும்மூன்றாகப் பிய்த்தாள். ஆறு துண்டு. இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த, யாரென்றே தெரியாத ஓர் ஆசிரியரின் தட்டில் மூன்றாம் பங்கை வைத்தாள். "மூணால பெருக்கினது ஏன்னு தெரியுதா? ரெண்டால வகுத்தது ஏன்னு தெரியுதா?" என்றாள். பட்டம் வாங்கி ஆறேழு வருஷம் பாடம் நடத்திய பிறகு அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. எதிரே இருந்தவர் நாகராஜு. அந்த ஒப்பட்டுத் துண்டின் கதையை இன்று வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமைக் கூட்டம் அந்தச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது என்றே சொல்லலாம். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் அவள் வீட்டு முன்னறையில் கூடுவோம். முதலில் நாங்கள் மூவர். பிறகு அறை கொள்ளாமல் வாசலில் பாய் விரிக்கிற அளவுக்கு வந்தார்கள். அரசுப் பள்ளி, கான்வென்ட், தனியார் பள்ளி எல்லாம் கலந்திருக்கும். எலக்ட்ரீஷியனான அந்தோணி அண்ணன் சனிக்கிழமை மதியம் வேறு வேலை ஒத்துக்கொள்ள மாட்டார். எங்களுக்கு டீ போடுவார். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. வருகிறவர் நன்றாக நடந்த பாடத்தைப் பற்றிப் பேசக்கூடாது. நடக்காமல் போனதைத்தான் கொண்டுவர வேண்டும். "நல்லா நடந்தத ஹெச்.எம்.கிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு. இங்க எதுக்கு?" என்பாள்.

ஒரு சனிக்கிழமை பிலோமினா தன் மாணவி ஒருத்தியின் விடைத்தாளை எடுத்து வந்தாள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னதற்கு அந்தப் பெண் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. நம்மில் யாரும் பார்க்காத தவறில்லை. சிலர் சிரித்தார்கள். எப்படித் திருத்துவது என்று பேச ஆரம்பித்தார்கள். பிலோமினா தடுத்தாள். "திருத்தறது இருக்கட்டும். இது வேற எந்தக் கேள்விக்குச் சரியான விடை, அதச் சொல்லுங்க" என்றாள்.

நாகராஜு கிரிக்கெட் பைத்தியம். அவர்தான் மெல்ல ஆரம்பித்தார். ஒரு பையன் காலையில் ஸ்டம்பைப் பார்த்து இரண்டு முறை எறிந்து ஒரு முறை அடிக்கிறான். மாலையில் மூன்று முறை எறிந்து ஒரு முறை அடிக்கிறான். அன்றைக்கு மொத்தம் ஐந்து முறை எறிந்து இரண்டு முறை அடித்திருக்கிறான். ஐந்தில் இரண்டு. அப்புறம் யாரோ, இந்த விடை எப்போதும் அந்த இரண்டு பின்னங்களுக்கும் நடுவில்தான் விழுமா என்று கேட்டார்கள். அதை நிறுவி முடிக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்தோணி அண்ணன் இரண்டாவது முறை டீ போட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பெண்ணிடம் பிலோமினா இதைச் சொன்னபோது, அப்படியானால் என் விடை சரியா மிஸ் என்று மாணவி கேட்டிருக்கிறாள். "நான் கேட்ட கேள்விக்குச் சரியில்ல. ஆனா உன் விடைக்கு ஒரு கேள்வி கெடச்சிருக்கு" என்று பிலோமினா சொன்னாளாம். அதற்குப் பிறகு எங்களில் பலர் விடைத்தாள் திருத்துகிற விதமே மாறிப்போனது. வேலை இரண்டு மடங்கு ஆனது என்று சிலர் அவளைத் திட்டியதும் உண்டு.

எல்லா நேரமும் இனிமையானவள் என்று நான் எழுதினால் அவளைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவளுக்குக் கோபம் சட்டென்று வரும். நேரத்துக்கு எங்கும் வர மாட்டாள். கணித வகுப்பைக் கண்காட்சியாக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை ஓர் ஆசிரியை தெர்மாகோலில் அழகான மாதிரிகள் வெட்டி, வண்ணம் தீட்டிக் கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் பாராட்டினோம். பிலோமினா மட்டும், "வெட்டினது நீங்க, ஒட்டினது நீங்க. பிள்ளைங்க இதுல எங்க யோசிச்சாங்க?" என்றாள். அந்த ஆசிரியை கண்கலங்கி எழுந்து போய்விட்டார். நான் பிலோமினாவைக் கடிந்துகொண்டேன். மறுநாள் அவர் வீட்டுக்கே போய், சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். சொன்ன விஷயத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ஆசிரியை பிறகு வந்தார். இந்த முறை வெறும் அட்டைகளையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்து, நீங்களே வெட்டுங்கள் என்றார்.

அவள் பெயர் கல்வித்துறை வரைக்கும் போனது. பயிற்சியாளராக வெளியூர்களுக்கு அழைத்தார்கள். அப்படித்தான் ஒரு வருஷம் மாதேஸ்வரன் மலையில் காட்டோரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நடந்த முகாமுக்கு நானும் துணையாகப் போனேன். முதல் நாள் பேச்சு. மறுநாள் கோபிநத்தத்துப் பக்கத்தில் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு. உண்மையான பிள்ளைகளுக்கு அவள் பாடம் நடத்த வேண்டும். ஆசிரியர்களும் ஓர் அதிகாரியும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பாடம் சதவீதம். மைசூரில் பலமுறை நன்றாக நடந்த பாடத்தையே எடுத்துப் போயிருந்தாள். பெரிய துணிக்கடை, தள்ளுபடி பலகை, எந்தக் கடையில் வாங்கினால் லாபம் என்கிற கேள்வி. கன்னடத்தில் தொடங்கினாள். பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். கேள்வியைச் சிறியதாக்கினாள். படம் போட்டாள். பெயர் கேட்டு ஒவ்வொருவரையாகப் பேசவைக்கப் பார்த்தாள். பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்படியான நேரத்தில் என்ன செய்வோம் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். விடையை நாமே சொல்லி, பிள்ளைகளைச் சேர்ந்து ஒப்பிக்க வைத்து, கைதட்டி முடித்துவிடுவோம். பார்ப்பவர்களும் எழுந்து போய்விடுவார்கள்.

பிலோமினா பிள்ளைகளுக்கு நன்றி சொன்னாள். அவர்களைத் தாண்டிப் பின்னால் இருந்த ஆசிரியர்களைப் பார்த்தாள். அவள் பேசியது கன்னடத்தில். ஏறக்குறைய இதுதான்: "இன்னைக்கு என் பாடம் தோத்துப்போச்சு. பிள்ளைங்க மேல தப்பே இல்ல. எங்க தோத்துச்சுன்னு எனக்குப் பாதிதான் தெரியுது. மீதிய நீங்க சொல்லுங்க."

அதிகாரி எழுந்து வெளியே போனார். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை, இந்தப் பிள்ளைகள் தள்ளுபடி பலகையைப் பார்த்ததே இல்லை என்றார். இன்னொருவர், நீங்கள் ஒரே மூச்சில் நிறைய எண்கள் சொன்னீர்கள் என்றார். மேலும் சிலர் பேசினார்கள். முந்தின நாள் முழுவதும் வாய் திறக்காதவர்கள் அவர்கள். கடைசியாக அந்தப் பள்ளியின் கணித ஆசிரியரே எழுந்தார். மாதேஷ் என்று பெயர், மண்டியாக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பிள்ளைகளின் வீட்டு மொழியோ தமிழ். வந்த நாளிலிருந்து தான் பேசுவது சுவரில் மோதித் திரும்பி வருவது போலத்தான் இருக்கிறது என்றார். மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னார்.

எல்லோர் முன்னாலும் தோற்றுப்போகிற பயிற்சியாளர் துறைக்கு அழகல்ல என்று அதிகாரி என்னிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. அதன் பிறகு சில வருஷங்கள் அவளை எந்த முகாமுக்கும் அழைக்கவில்லை.

மலையிலிருந்து கொள்ளேகாலுக்கு வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கடலைக்காய் வாங்கி நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊர் நெருங்கும்போதுதான் பேசினாள்.

"நான் கேட்டது என் கேள்வி சரசு. அந்தப் பிள்ளைங்களோடது இல்ல."

"சும்னே, சும்மா இரு பிலோ. ஒரு வகுப்புதானே."

"ஒரு வகுப்புதான். அந்த மாதேஷுக்கு அது தெனமும்."

அடுத்த தசரா விடுமுறைக்கு ஊரே மைசூரை நோக்கி வந்துகொண்டிருந்தபோது நாங்கள் எதிர்த் திசையில் போனோம். யாரும் அழைக்கவில்லை. மாதேஷிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவர் விடுமுறையிலும் ஊருக்குப் போகாமல் பள்ளியைத் திறந்து வைத்திருந்தார். பிள்ளைகள் பாதி விளையாட்டாக வந்திருந்தார்கள். இந்த முறை பிலோமினா பலகையில் ஒன்றும் எழுதவில்லை. தமிழில் பேசினாள். "நான் கொண்டாந்த கணக்கு உங்களுக்குப் புடிக்கல. உங்க ஊர்க் கணக்கு ஒண்ணு எனக்குக் கொடுங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பிறகு செல்வி என்றொரு பெண் எழுந்தாள். அவள் அப்பா காவேரியில் பரிசல் ஓட்டுகிறவர்.

"கீழ்த்துறைக்குப் போறப்ப தண்ணி இழுத்துட்டுப் போயிருமுங்க. சீக்கிரம் போயிரலாம். திரும்பி வாரப்ப துடுப்பால எதுக்கத் தொளாவோணும், நேரமாயிரும். போக வர ரெண்டையும் கூட்டுனா, தண்ணி சும்மா நின்னுட்டிருந்தா ஆவுற நேரமேதான் ஆவுங்களா?"

எங்கள் பாடப்புத்தகங்களில் படகும் நீரோட்டமும் என்று ஒரு கணக்கு வருஷக்கணக்காக இருக்கிறது. அதற்குச் சூத்திரம் இருக்கிறது. நாங்கள் இருவரும் அதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவர்கள். பிலோமினா சூத்திரத்தின் பக்கமே போகவில்லை. மாதேஷைக் காட்டி, "சாருக்குப் புரியல. அவருக்கு நீ சொல்லு" என்றாள். செல்வி கைகளை வைத்து மெதுவாகச் சொன்னாள். மாதேஷ் அவள் சொன்னதைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லப் பார்த்தார். பரிசல் என்ற சொல் அவர் வாயில் என்னவோ ஆனது. வகுப்பு மொத்தமும் சிரித்தது. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

எல்லோரும் தமக்குப் பிடித்த எண்களைப் போட்டுப் பார்த்தார்கள். எப்படிப் போட்டாலும், ஓடுகிற ஆற்றில்தான் நேரம் கூடுதலாக வந்தது. ஏன் என்பதில் மாட்டிக்கொண்டார்கள். போகும்போது ஆறு உதவுகிற அளவுக்குத்தானே வரும்போது தடுக்கிறது, அப்படியானால் சரிக்குச் சரியாக வேண்டாமா என்று வாதம் நடந்தது. மதியம் ஆனது. செல்விதான் மறுபடி எழுந்தாள். "ஒதவி பண்றப்ப சீக்கிரம் போயிர்றமுங்க, அதனால கொஞ்ச நேரந்தான் ஒதவுது. தடுக்குறப்ப மெதுவாப் போறோம், அதனால ரொம்ப நேரம் தடுக்குது" என்றாள்.

பிலோமினா அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு மாதேஷைச் சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் அந்தக் கணக்கு வந்தாலும் 'செல்வி காரணம்' என்றுதான் சொல்வாள். திரும்பும்போது அதே கொள்ளேகால் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். மாதேஷ் மாறுதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார் என்று சில வாரங்கள் கழித்து நாகராஜு குரல்பதிவில் சொன்னார். அதிகாரிகள் மாறினார்கள். அவளை மறுபடி முகாம்களுக்கு அழைத்தார்கள். அவளும் போனாள். ஒவ்வொரு முகாமையும் தான் தோற்ற அந்த வகுப்பை விவரித்துத்தான் தொடங்கினாள்.

இனி எழுதப்போவது என்னைப் பற்றியதும்தான். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேவராஜ மார்க்கெட்டில் குங்குமக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். தட்டுத் தட்டாகக் கூம்புகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். கூம்பின் கன அளவைப் பாடம் நடத்துகிறவர்கள் அங்கே ஒருமுறையாவது போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நாகராஜு தனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் அனுமதி வாங்கினார். ஒரு சனிக்கிழமை கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொண்டோம். காகிதம் விரித்து, புனலில் குங்குமத்தைக் கொட்டிக் குவியலாக்க வேண்டும். எவ்வளவு கொட்டினாலும் குவியலின் சரிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முதலில் ஒரு சிறிய குவியலைக் கொட்டி எடைபோட்டு வைத்தோம். உயரம் அதைப்போல இரண்டு மடங்கானால் எடை எத்தனை மடங்காகும் என்பது கேள்வி. ஒருவர் இரண்டு என்றார், நாகராஜு நான்கு என்றார்.

என் கணவர் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. குங்குமத்தைத் தொடாதே என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் ஒதுங்கிக்கொண்டேன். கல்யாண வீட்டில் தட்டு வருகிறது என்றால் எழுந்து கைகழுவப் போவது போலப் போய்விடுவேன். அன்றும் பின்னால்தான் நின்றிருந்தேன். பிலோமினா கூட்டத்தை விலக்கி வந்து, புனலையும் குங்குமக் கிண்ணத்தையும் என் கையில் வைத்தாள்.

"கொட்டு சரசு. உயரம் ரெட்டிக்கிற வரைக்கும் நிறுத்தாத."

கொட்டினேன். பொடி கையெல்லாம் படிந்தது. அப்புறம் குவியலின் உச்சி சரிந்துவிடக் கூடாது என்கிற கவனத்தில் அது குங்குமம் என்பதையே மறந்துவிட்டேன். பெரிய குவியலைத் தராசில் வைத்தபோது சிறியதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு இருந்தது. எட்டு எப்படி வந்தது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "லெக்க ஆய்து, வியாபார யாவாக?" என்று கேட்டார். கணக்கு ஆயிற்று, வியாபாரம் எப்போது என்று. எல்லோரும் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினோம்.

மார்க்கெட் குழாயில் கை கழுவப் போனேன். மணிக்கட்டு வரை சிவப்பு. அவளும் கூட வந்தாள்.

"தெரிஞ்சுதானே எங்கிட்ட கொடுத்த?" என்று கேட்டேன்.

"தெரியாம கொடுப்பனா? வேணாம்னா நீ சொல்லியிருப்ப. சொல்லலையே."

எனக்கு அழுகை வந்தது. நான் முடிக்கும் வரை அவள் குழாயை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் குடத்தோடு காத்திருந்த பூக்காரம்மாவிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றிலிருந்து நான் எந்தத் தட்டுக்கும் ஒதுங்கிப் போனதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குக் கிடைத்த காலம் கொஞ்சம்தான். நுரையீரலில் வந்த நோய் சில மாதங்களில் ஆளைச் சுருக்கிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம், கூட்டத்தில் என்ன கேள்வி வந்தது என்றுதான் முதலில் கேட்பாள். கடைசியாகப் போனபோது சொன்னேன்: வட்டத்துக்கு மூலையே இல்லையா, எண்ண முடியாத மூலைகளா என்று ஒருவர் கேட்டார் என்று. கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"யாரு கேட்டா?"

"புதுசா வந்திருக்கா. ரம்யான்னு பேரு."

"அவள விட்றாதீங்க" என்றாள்.

அன்றுதான் இன்னொன்றும் சொன்னாள். அதை எல்லோருக்கும் தெரிவிப்பது என் கடமை. கூட்டத்துக்கு அவள் பெயரை வைக்க வேண்டும் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்ததால் அவளிடமே கேட்டுவிட்டேன். மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள். "வேணாம். பேரு வச்சா படம் மாட்டணும். படம் மாட்டினா மாலை போடணும். மாலை போட்டா யாராவது பேசணும். அப்புறம் கணக்கு எப்பச் செய்வீங்க?" என்றாள். ஆகவே நம் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகம். அவளிடம் படித்தவர்களைவிட, அவளோடு சேர்ந்து பாடம் நடத்தியவர்களே மிகுதி. எல்லாம் முடிந்து கலையும்போது நரைத்த தலையோடு ஒருவர் என்னிடம் வந்தார். காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்தாராம். அடையாளம் தெரியவில்லை. அவர் பேசிய தமிழ் எங்கள் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ், ஆனால் ஏதோ ஓர் எழுத்தில் மண்டியா இருந்தது. மாதேஷ். இன்னும் அதே பகுதியில்தான் இருக்கிறார், இப்போது தலைமையாசிரியர்.

"மேடம் தோத்துப்போனதைக் கண்ணால பாத்தனுங்க. அதுக்கப்பறந்தான், நாமளும் இந்த வேலையில இருக்கலாம்னு தோணுச்சு" என்றார்.

அவளைப் பற்றி அன்று எத்தனையோ பேர் பேசினார்கள். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

மறுநாள் எனக்கு வகுப்பு இருந்தது. எட்டாம் வகுப்பு. பலகையில் ஒரு கேள்வியை எழுதினேன். பிலோமினா கேள்வியை எழுதிவிட்டால் பலகையருகே நிற்க மாட்டாள். சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே ஏதாவது ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து பலகையைப் பார்ப்பாள். நான் அப்படிச் செய்ததில்லை. எனக்கு நின்றால்தான் ஆசிரியை என்று தோன்றும். அன்று நிற்க முடியாமல்தான் போய் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்க்கும்போது பலகை உயரத்தில் இருந்தது. நானே எழுதிய கேள்வி, இன்னும் கொஞ்சம் கடினமாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்திலிருந்த பெண் கன்னடத்தில் மெல்லக் கேட்டாள், நீங்களும் யோசிக்கிறீர்களா மிஸ் என்று. ஆமாம் என்றேன்.

பிலோமினாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். ஓய்வு பெறும் வரை வகுப்பில் நான் உட்காரப்போவது அங்கேதான். அன்று அந்தப் பெண் தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, நான் சரியாக உட்காரும்படி இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.